கடற்கோட்டை விடுதியை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் நடுவே கடலில் நிற்கும் ஹம்மன்ஹீல் கோட்டையில் விருந்தினரைத் தங்கவைப்பது நல்ல காரியம். ஆளில்லாத கோட்டை சீக்கிரம் பாழாகும். ஆள் தங்கும் கோட்டைக்கோ வேறு வருத்தம் உண்டு: சுவரில் ஏறும் உப்பு. உங்கள் சுவரைக் குறை சொல்லவில்லை. எந்தக் கடற்கோட்டைக்கும் வருவது இது.

முருகைக்கல், அதாவது பவளப்பாறைக் கல், உப்புநீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். காற்றின் ஈரப்பதம் 75 வீதத்துக்குக் கீழே இறங்கினால் கறியுப்பு பளிங்காக உறையும். மேலே ஏறினால் கரையும். விருந்தினர் வரும்போது ஏசியைப் போட்டு, போனதும் நிறுத்தினால் சுவருக்குள் இந்த விளையாட்டு ஓயாது. உறையும் ஒவ்வொரு முறையும் பளிங்கு கல்லின் நுண்துளையை நெருக்கிப் பிளக்கும். காலையில் கட்டிலோரம் வெள்ளை மாவு கிடந்தால் அது தூசியல்ல, சுவர்.

அதைக் கண்டதும் மேசனைக் கூப்பிட்டுச் சீமெந்து பூசுவதுதான் வழக்கமான பிழை. சீமெந்து ஈரத்தை மூச்சுவிட விடாது. ஈரம் மேலேறி வேறிடத்தில் வெடிக்கும். பூச்சு கழன்று விழும்போது கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு போகும். எமல்ஷன் பெயின்றும் அதன் தம்பிதான்.

முதலில் சீமெந்தைக் கையுளியால் எடுங்கள், இயந்திரம் வேண்டாம். ஈரக்கோட்டுக்கு அரை மீற்றர் மேல்வரை எடுக்கவேண்டும். பிறகு வெள்ளைக் கடதாசியை மழைநீரில் ஊறவைத்துக் கூழாக்கி, 2 சென்ரிமீற்றர் தடிப்பில் சுவரில் அப்புங்கள். கிணற்றுநீர் வேண்டாம், தீவுப்பக்கக் கிணறுகள் பல உவர். கூழ் காய்ந்ததும் உரித்தால் உப்பும் கூடவே வரும். மூன்று தடவையாவது செய்யவேண்டும். அதன்பின் நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, கழுவிய ஆற்றுமணல் மூன்று பங்கு கலந்து பூசுங்கள். ஒரு படை 10 மில்லிமீற்றரைத் தாண்டக்கூடாது; தாண்டினால் வெடிக்கும். ஒரு கிழமை ஈரச்சாக்கு தொங்கவிட்டு, மேலே மூன்று நான்கு தரம் வெள்ளையடித்தால் போதும்.

அவசரப்படுகிறவருக்கு இது பிடிக்காது. சுண்ணாம்புக்கு அவசரம் தெரியாது.

குழாய்களைச் சுவரை வெட்டிப் புதைக்காமல் மேலாலேயே கொண்டுபோங்கள். ஒழுகினால் அன்றே தெரியும்.

அடுத்தது நன்னீர். போர்த்துக்கேயர் கட்டிய இந்தக் கோட்டை 1658இல் சுமார் இரண்டு வார முற்றுகையில் ஒல்லாந்தரிடம் விழுந்தது. குடிக்கத் தண்ணீர் இல்லாமற் போனதே காரணம். பிறகு ஒல்லாந்தர் மழைநீர்த் தொட்டி கட்டினார்கள். இன்றைய கணக்கைப் பாருங்கள். 200 சதுர மீற்றர் கூரையில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் 20,000 லீற்றர். ஐந்தில் ஒரு பங்கு வீண்போக, 16,000. ஆளுக்கு நாளொன்றுக்கு 150 லீற்றர் என்றால் எட்டுப்பேருக்கு 13 நாள்தான் வரும். முற்றுகையும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்!

ஐப்பசி மழைக்கு முன்னரே கூரைநீர் ஓடும் பீலியைத் துப்புரவாக்குங்கள். முதல் மழையில் 400 லீற்றரை வெளியே விடுங்கள், பறவை எச்சம் போகட்டும். தொட்டியில் எத்தனை லீற்றர் மிச்சம் என்பதைக் காரைநகர்ப் படகடியிலேயே பலகையில் எழுதிவையுங்கள். வருபவர் படகேறுமுன் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
பழைய கட்டடங்களில் சுண்ணாம்பு வேலை செய்வோர் சிலர்