என் மகளுக்கு இடம் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

வணக்கம். நேரில் பார்க்கும்போது ‘ரொம்ப நன்றி’ என்பதைத் தாண்டி எனக்குப் பேச்சு வருவதில்லை. அதனால்தான் இந்த மடல்.

என் மகளுக்கு ஒன்பது வயது. அவளுக்கு உயிர் லிஃப்ட். கயிறு அறுந்தாலும் லிஃப்ட் விழாமல் தடுக்கும் கருவியைக் கண்டுபிடித்த எலிஷா ஓட்டிஸ் 1854இல் கூட்டத்துக்கு நடுவே, உயரத்தில் நின்றபடி கயிற்றை வெட்டச் சொன்னதையும், மேடை விழாமல் நின்றதையும் கேட்காதவர்களுக்கும் சொல்வாள். அவள் வயதுப் பிள்ளைகள் எவ்வளவு நேரம்தான் கேட்பார்கள்? பெரிய சண்டையோ கேலியோ கிடையாது. அவளை யாரும் கூப்பிட மாட்டார்கள், அவ்வளவுதான். பள்ளியில் அடக்கி வைத்ததெல்லாம் வீட்டுக்குள் நுழைந்ததும் அழுகையாகக் கொட்டும்.

டீச்சர், முதல் நன்றி உங்களுக்கு. ‘வீட்டில் பேசப் பழக்குங்கள்’ என்று சொல்லி அனுப்பாமல், இடைவேளையில் ஓரமாக நின்று கவனித்தீர்கள். ‘நீங்களே குழு பிரித்துக்கொள்ளுங்கள்’ என்று விடும்போதுதான் அவள் கடைசியில் மிஞ்சுகிறாள் என்று கண்டுபிடித்தது நீங்கள். அன்றிலிருந்து நீங்களே ஜோடி சேர்த்தீர்கள், எல்லாப் பிள்ளைகளுக்கும்தான். அவளுக்காகச் செய்தது என்று வகுப்பில் யாருக்கும் தெரியாது. ‘பாவம், அவளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்று ஒருநாளும் சொல்லாததற்குத் தனியாக ஒரு நன்றி.

பள்ளி ஆலோசகருக்கு: கோயி, டாட்ஜ் முதலான உளவியலாளர்களின் 1982 ஆய்வைப் பற்றிச் சொன்னீர்களே, பிள்ளைகளிடம் கேட்ட ‘யாரைப் பிடிக்கும்’ என்ற கேள்விக்கும் ‘யாரைப் பிடிக்காது’ என்ற கேள்விக்கும் அவ்வளவாகப் பெயர் வராத பிள்ளைகளை அவர்கள் தனி வகையாக வைத்தார்கள் என்று. அதைக் கேட்டபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. என் மகளை யாரும் வெறுக்கவில்லை. அவள் யார் கண்ணிலும் படவில்லை, அவ்வளவுதான். இரண்டுக்கும் செய்ய வேண்டியது வேறு வேறு.

நூலகர் சார், மதிய இடைவேளையில் புத்தகங்களுக்குச் சீட்டு ஒட்டும் வேலையை அவளுக்கும் இன்னொரு பையனுக்கும் கொடுத்தீர்கள். கையில் வேலை இருந்தால் முகம் பார்த்துப் பேச வேண்டியதில்லை. பேச்சு தானாக வரும். அவனுக்கு லிஃப்ட் பிடிக்காது. பாலம்தான் பிடிக்குமாம்! இரண்டு பேரும் மாறி மாறிப் பேசுகிறார்கள், ஒருவர் சொல்வதை மற்றவர் எவ்வளவு கேட்கிறார் என்பது சந்தேகம்தான்.

அந்தப் பையனின் அம்மாவுக்கு: கூட்டம் சேர்க்காமல் இவளை மட்டும் அழைத்தீர்கள். அட்டைப்பெட்டியில் கோபுரம் கட்டச் சொல்லிவிட்டு, இருவரும் களைத்துச் சண்டை போடும் முன்பே எனக்குப் போன் செய்தீர்கள். அந்தக் கணக்கு எனக்கு வந்திருக்காது.

‘ஏன் இவள் யாருடனும் ஒட்ட மாட்டேன் என்கிறாள்?’ என்று விசாரித்துக்கொண்டே இருந்த உறவினர்கள் இந்தப் பட்டியலில் இல்லை. மன்னிக்கவும்.

அவளுக்கு இன்னும் ஒரே ஒரு நண்பன்தான். பிறந்தநாள் அழைப்புகள் வருவதில்லை. ஆனால் காலையில் வயிற்றுவலி என்று படுத்துக்கொள்வது குறைந்திருக்கிறது.

அடுத்த வருடம் வகுப்பு மாறுகிறது. குழு பிரிக்கும் விஷயத்தைப் புது டீச்சரிடம் சொல்லிவிடுவதாகச் சொன்னீர்கள், டீச்சர். அதற்கும் சேர்த்து இப்போதே நன்றி.

இப்படிக்கு,
லிஃப்ட்காரியின் அம்மா