மூன்று பேரைப் பார்த்துவிட்டு ‘எல்லாரும்’ என்கிறார்கள்

6, 7, 8ஆம் வகுப்புகளுக்குச் சமூக அறிவியல் எடுக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். ஆறாம் வகுப்புக் குடிமையியலில் ‘சமத்துவம் பெறுதல்’ பாடம் வந்ததும் நாம் என்ன செய்கிறோம்? ‘பாரபட்சம் என்றால் என்ன?’ என்ற கேள்விக்கு விடையைப் பலகையில் எழுதிப் போடுகிறோம். பிள்ளைகளும் ஒப்பித்துவிடுகிறார்கள். அப்படி ஒப்பித்த பையன்தான் சத்துணவு வரிசையில், “வடக்கனுங்க எல்லாம் பாக்குப் போட்டுத் துப்புவானுங்க” என்றான். அவனுக்கு முன்னால் தட்டோடு நின்ற பெண்ணின் அப்பா ஒடிசாவிலிருந்து வந்து பனியன் கம்பெனியில் வேலை பார்ப்பவர். திருப்பூர்ப் பக்கம் இது தினப்படிப் பேச்சு.

திட்டினால் வாயை மூடிக்கொள்வான், அவ்வளவுதான். “எத்தனை பேரைப் பார்த்தாய்?” என்று மட்டும் கேட்டேன். யோசித்துவிட்டு, “மூணு பேர் டீச்சர், பஸ் ஸ்டாண்டுல” என்றான். பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள்: “ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்தானே டீச்சர்?”

நியாயமான கேள்வி. அன்று புத்தகத்தைத் திறக்கவேயில்லை. ஒரு சோறு ஏன் போதும்? ஒரே அரிசி, ஒரே உலை, ஒரே தீ. பழைய அரிசியும் புது அரிசியும் கலந்துபோட்டால்? பதம் தப்பும் என்றாள் வீட்டில் சமைக்கிற ஒரு சிறுமி. சரி, பஸ் ஸ்டாண்டில் பார்த்த மூன்று பேர் எந்தப் பானை? பையனையே பலகைக்கு அழைத்து, ‘எல்லாம்’ என்பதை அழித்துவிட்டு ‘நான் பார்த்த மூன்று பேர்’ என்று எழுதச் சொன்னேன். வாக்கியம் சப்பென்று ஆகிவிட்டது. யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் பம்பாய்க் கதை. 1966இல் தொடங்கிய சிவசேனை முதலில் விரட்டப் பார்த்தது நம்மாட்களைத்தான். தமிழர், மலையாளி, கன்னடர் எல்லாருக்கும் ‘மதராசி’ என்று ஒரே பெயர். வகுப்புக்கே கோபம் வந்தது. வரட்டும் என்று விட்டேன்.

1968இல் அமெரிக்காவின் அயோவாவில் ஜேன் எலியட் என்ற ஆசிரியை மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கண் நிறத்தால் பிரித்து, ஒரு பக்கத்தைத் தாழ்த்தி நடத்திக் காட்டினார். அதைச் செய்து பார்க்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். இங்கே நாம் பிரிக்க வேண்டியதே இல்லை, கையில் சாதியைக் காட்டும் கலர் கயிறு கட்டிக்கொண்டுதான் வருகிறார்கள். சாதி வெறியில் சக மாணவர்களே ஒரு மாணவனை வெட்டிய நாங்குநேரிச் சம்பவத்துக்குப் பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு அந்தக் கயிறுகளைத் தடை செய்யச் சொல்லி 2024இல் பரிந்துரைத்தது. நல்லது. ஆனால் கயிறு போன பிறகும் ‘அவங்க ஆளுங்களே அப்படித்தான்’ என்ற பேச்சு இருக்குமே.

எனவே இந்தப் பருவத்தில் ஒரே ஒரு பீரியட், ஒரே ஒரு கேள்வி: எத்தனை பேர்?

அப்புறம் ஒன்று. பிள்ளைகள் நம்மையும் விடமாட்டார்கள். போன வாரம், “7 பி பசங்க ஒருத்தனும் வீட்டுப்பாடம் எழுதறதில்லை” என்று கத்தினேன். “எத்தனை பேர் டீச்சர்?” என்றது ஒரு குரல். நோட்டுகளை எண்ணினேன். எழுதாதவர்கள் நான்கு பேர்.

இப்படிக்கு,
திருப்பூர் மாவட்ட ஆசிரியை ஒருத்தி