முயலின் பாதையும் கண்ணியும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்து, மறுபடி தோட்டம்வரை நடந்துவருகிறார் என்று படித்தபோது மனம் நிறைந்தது. நான் இங்கே கனடாவின் வடமேற்கிலுள்ள யூக்கானில் நலம். பனிக்காலம் தொடங்கிவிட்டதால், தெற்கு டட்சோனி என்னும் பூர்வகுடி இனத்தைச் சேர்ந்த பக்கத்து வீட்டுப் பெரியவர் முயலுக்குக் கண்ணி வைக்கப் போகும்போதெல்லாம் என்னையும் அழைத்துப் போகிறார். சுருக்குக் கம்பியை எப்படி முடிச்சிடுவது என்று நீ கேட்டிருந்தாய். அதை ஒரு மாலைப்பொழுதில் கற்றுக்கொள்ளலாம். முயல் எங்கே கால் வைக்கும் என்பதை அறிவதுதான் பெரிய பாடம். அதைத்தான் உனக்கு எழுத விரும்புகிறேன்.

இங்குள்ள பனிமுயல் வளை தோண்டுவதில்லை. பகலெல்லாம் ஸ்புரூஸ் மரத்தின் தாழ்ந்த கிளைக்கடியில் ஒடுங்கிக் கிடந்துவிட்டு, அந்தி மயங்கியதும் வில்லோ, பிர்ச் செடிகளின் குச்சிகளைக் கடிக்கப் புறப்படுகிறது. பதுங்க வளை இல்லாத அந்த உயிருக்குப் படுக்கையிலிருந்து இரைக்குப் போகும் தடம்தான் பாதுகாப்பு. லின்க்ஸ் என்னும் காட்டுப்பூனை துரத்தும்போது வழி தேடி நிற்க நேரமில்லை என்பதால், கோடையிலும் பனியிலும் அதே தடங்களில் ஓடி, குறுக்கே நீளும் தளிர்களைப் பல்லால் நறுக்கி, வழியை எப்போதும் திறந்தே வைத்திருக்கிறது. உயிர் காக்கும் அந்தப் பழக்கத்தை நம்பித்தான் கண்ணியும் வைக்கப்படுகிறது. இதைப் புரிந்துகொண்டபின் எனக்கு அந்த விலங்கின்மேல் மரியாதை கூடியிருக்கிறது.

தடத்தைப் படிப்பதற்குப் பெரியவர் முதலில் காட்டியது கால் பதிவு. முயல் தாவும்போது முன்னங்கால்கள் முதலில் ஊன்ற, அகன்ற பின்னங்கால்கள் அவற்றைத் தாண்டி முன்னால் வந்து விழுகின்றன. ஆகவே பெரிய பதிவுகள் இருக்கும் பக்கமே அது போன திசை. அடுத்தது கடித்த குச்சி. முயல் கடித்த முனை கத்தியால் சாய்வாகச் சீவியதுபோல் இருக்கும். மேல்தாடையில் முன்பற்கள் இல்லாத மூஸ் மான் கடித்தது நார் நாராகப் பிய்ந்திருக்கும். வெட்டு வெளுப்பாகவும் ஈரமாகவும் இருந்தால் தடம் இன்னும் புழக்கத்தில் உள்ளது என்று பொருள்.

திறந்த வெளியில் அவர் கண்ணி வைப்பதே இல்லை, ஏனெனில் அங்கே முயல் எந்தப் பக்கமும் திரும்பலாம். புதருக்குள் தடம் ஒடுங்கி, இரண்டு மரங்களுக்கிடையிலோ சாய்ந்த கட்டைக்கடியிலோ நுழையும் இடத்தையே தேடுகிறார். அங்கே முயல் மெதுவாகத் தத்தி, தலையைத் தாழ்த்திப் போகும். சுருக்கின் அகலம் ஏறக்குறைய 10 சென்டிமீட்டர். அதன் அடிப்பகுதி பனிக்கு மேல் நான்கு விரல் உயரத்தில் நிற்கும். தாண்டிக் குதிக்காமலிருக்க மேலே ஒரு குச்சி, விலகாமலிருக்கப் பக்கங்களில் ஓரிரண்டு. அதற்குமேல் நட்டால் பழகிய வழியின் தோற்றமே மாறி, முயல் திரும்பிவிடுமாம். புதுப்பனி விழுந்தால் நிலமே உயர்ந்துவிடுவதால் எல்லாக் கண்ணிகளையும் உயர்த்தவேண்டும்.

முயல்கள் ஏறக்குறைய பத்து ஆண்டுக்கு ஒருமுறை பெருகிக் குறைகின்றன. அவற்றைத் தின்னும் லின்க்ஸும் பின்னாலேயே கூடிக் குறைகிறது. விலங்குத் தோல் வணிகம் செய்த ஹட்சன் பே கம்பெனியின் தோல் கணக்குகளைக் கொண்டு லின்க்ஸின் இந்தச் சுழற்சியைச் சூழலியல் ஆய்வாளர்களான சார்லஸ் எல்டனும் மேரி நிக்கல்சனும் 1942 இல் விரிவாக எழுதினார்கள். பெரியவருக்கோ தடத்தின் ஆழமே கணக்கேடு. தடங்கள் மங்கிய ஆண்டுகளில் அவர் கம்பியை வெளியே எடுப்பதில்லை. வைத்த கண்ணியை நாள்தோறும் பார்க்கவேண்டும், பருவம் முடிந்ததும் ஒன்றுவிடாமல் கழற்றவேண்டும் என்பதில் அவர் காட்டும் கண்டிப்பு மிகச் சரியானது. மறந்துவிட்ட கம்பி யாருக்கும் உணவாகாமல் ஒரு உயிரைக் கொல்லும்.

நம் ஊரில் 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு முயலைப் பிடிப்பது குற்றம் என்பது உனக்குத் தெரியும். பார்ப்பதற்குத் தடையில்லை. உன் கடலைக் காட்டுக்கு வரும் கருங்கழுத்து முயலும் வேலியில் ஒரே இடைவெளியில்தான் நுழைகிறதா, நாய் துரத்தினால் வந்த வழியே திரும்புகிறதா என்று சில மாலைகள் கவனித்து எழுது. பெரியவரும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

அன்புடன்,
உன் நண்பன்