எழுபது ரூபாய்

சின்னத்துறை,
14.01.2020

அன்புள்ள ஸ்டெல்லா,

போனில் நீ திட்டியது இன்னும் காதிலேயே நிற்கிறது. உன் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்த பிறகுதான் எனக்குத் தெரிய வேண்டுமா என்று கேட்டாய். நியாயம்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் கோயிலில் முதல் ஓலை வாசித்தார்கள், சாயங்காலத்துக்குள் கோயம்புத்தூருக்குச் செய்தி வந்துவிட்டது. நம் ஹாஸ்டல்காரிகள் இன்னும் மாறவில்லை. போனில் சொல்லலாம் என்றால் அக்கா மகள் ஜெனி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அதனால்தான் பழையபடி பேனாவை எடுத்திருக்கிறேன். நீயும் மூன்று பக்கத்துக்குக் குறையாமல் பதில் போடு.

அக்கா போனதும், இரண்டே வருடத்தில் ஓகிப் புயலில் அத்தான் போனதும் உனக்குத் தெரியும். ஆனால் அந்த டிசம்பரைப் பற்றி உன்னிடம்கூட நான் அதிகம் பேசியதில்லை. புயல் வந்தது 2017 நவம்பர் 30. அத்தானின் போட் அதற்கு முன்பே கொச்சியிலிருந்து ஆழ்கடலுக்குப் போய்விட்டது. எங்கள் ஊர்க்காரர்கள் சுறாவுக்குத் தூண்டில் போடப் போனால் திரும்ப இருபது நாளும் ஆகும், ஒரு மாதமும் ஆகும். கரையில் சொன்ன எச்சரிக்கை அவ்வளவு தூரம் எப்படிப் போய்ச் சேரும்? டிசம்பர் 7 அன்று, காணாமல் போனவர்களைத் தேடச் சொல்லி குழித்துறை ஸ்டேஷனில் தண்டவாளத்தில் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்தோமே, அன்று முழுக்க ஜெனி என் மடியில்தான் இருந்தாள். ஏழு வயது. லட்சத்தீவில் இத்தனை பேர் கரை ஏறினார்கள், குஜராத்தில் இத்தனை பேர் என்று தினமும் பெயர்கள் வரும். அத்தான் பெயர் எதிலும் வரவில்லை. கேரளக் கரையில் ஒதுங்கிய உடல்களோடு ஒத்துப் பார்க்க டிஎன்ஏ சோதனை என்று அவளிடம் ரத்தம் எடுத்தார்கள். ஊசி போட்ட இடத்தைப் பஞ்சால் அழுத்திக்கொண்டு, "இதை வச்சு அப்பாவைக் கண்டுபிடிச்சிருவாங்களா சித்தி?" என்றாள். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல?

எதுவும் ஒத்துப்போகவில்லை. காணாமல் போனவரை இறந்தவராகக் கொள்ள ஏழு வருடம் ஆக வேண்டும் என்பது சட்டம். ஓகிக்காக அதைத் தளர்த்தி, 20 லட்சம் நிவாரணம் கொடுத்தார்கள். அதை அப்படியே ஜெனி பெயரில் போட்டுவிட்டேன். பணம் வந்ததும் குழந்தை மேல் திடீரென்று பாசம் பொங்கிய சொந்தக்காரர்களைப் பற்றி எழுதினால் இந்தக் காகிதம் போதாது. வக்கீலைப் பார்த்து, 1890-ஆம் வருடத்துச் சட்டத்தின்படி நாகர்கோவில் கோர்ட்டில் மனுப் போட்டு, நான்தான் அவளுக்குப் பாதுகாவலர் என்று பேப்பர் வாங்கிய பிறகுதான் அந்தப் பாசம் வடிந்தது.

ஆக, அரசாங்கக் கணக்கில் அத்தான் இறந்துவிட்டார். ஜெனி கணக்கில் இல்லை. அவளைப் பொறுத்தவரை அப்பா லட்சத்தீவின் கல்பேனித் தீவில் இருக்கிறார், போன் தண்ணீரில் விழுந்துவிட்டது, அவ்வளவுதான். தினமும் ராத்திரி சாப்பிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு என் போனை எடுத்து அவர் நம்பரைப் போடுவாள். கொச்சி நம்பர் என்பதால் மலையாளத்தில் ஒரு பெண் குரல், ஆள் போனை அணைத்து வைத்திருப்பதாகச் சொல்லும். முழுதும் கேட்டுவிட்டுத்தான் வைப்பாள். அந்தக் குரலுக்குக்கூட அவள் "குட் நைட்" சொல்லியிருக்கிறாள்.

2018 கடைசியில் போன் கம்பெனிக்காரன் ஒரு குண்டைப் போட்டான். 28 நாளுக்கு ஒருமுறை 35 ரூபாய் போடாவிட்டால் இன்கமிங் கிடையாது, அப்படியே விட்டால் நம்பர் வேறு யாருக்காவது போய்விடும். எனக்கு உயிரே போய்விட்டது. ஒரு நாள் ராத்திரி அவள் கூப்பிட்டு, எவனோ "ஹலோ, ஆரா?" என்று எடுத்தால்? அன்றைக்கே கடையில் போய் ரீசார்ஜ் செய்தேன். கடைக்காரப் பையன் நம்பரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. இந்த ஊரில் எல்லோருக்கும் எல்லாம் தெரியும்.

சரி, நான் கட்டிக்கொள்ளப் போகிறவர் கதைக்கு வருகிறேன். பெயர் ஜோஸ். கொச்சி தோப்பும்படியில் போட் எஞ்சின் மெக்கானிக், அத்தானுக்குக் கூட்டாளி. கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் மட்டும் ஊருக்கு வருவார். 2017-இல் எங்கள் கரையில் யாரும் கிறிஸ்துமஸ் கொண்டாடவில்லை, ஒரு வீட்டிலும் ஸ்டார் கிடையாது. 2018-இல் மற்ற வீடுகளில் ஒவ்வொன்றாக ஏற ஆரம்பித்தது, எனக்கு மட்டும் கை வரவில்லை. அப்போதுதான் ஒரு பொட்டலம் கேழ்வரகோடு வாசலில் வந்து நின்றார். "குடிலுக்குப் புல் முளைக்கப் போடணும். பிள்ளையைக் கூப்பிடுங்க."

கிரீஸ் ஏறிய அந்தப் பெரிய கையும் ஜெனியின் கையும் சேர்ந்து தட்டில் மண்ணைப் பரப்பியது இன்னும் கண்ணில் நிற்கிறது. நாலாம் நாள் பச்சை தலை காட்டியதும் பள்ளிக்கூடம் போகிற அவசரத்திலும் குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டுப் போனாள். பழைய டப்பாத் தகரத்தை வெட்டி விரல் நீளத்துக்கு ஒரு போட்டும் செய்து கொடுத்தார். நாம் குடிலில் கண்ணாடித் துண்டை வைத்துக் குளம் என்போமே, அதன் மேல் வைக்கப் போனார். ஜெனி கையைத் தட்டிவிட்டாள். "தண்ணியில வேண்டாம்." மணலில், மாட்டுக்கும் சூசையப்பருக்கும் நடுவில் ஏற்றி வைத்தாள். அவர் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

அடுத்த ஈஸ்டருக்கு வந்தபோது ஒரு ராத்திரி எங்கள் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். உள்ளே ஜெனி வழக்கம்போல நம்பரைப் போட்டாள், ஸ்பீக்கரில். அந்த மலையாளக் குரல் திண்ணை வரைக்கும் கேட்டது. அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு மெதுவாக, "அந்த நம்பர் போகாது. நான் மாசாமாசம் காசு போடுறேன்" என்றார்.

எனக்கு முதலில் விளங்கவே இல்லை. "நானும்தானே போடுறேன்" என்றேன்.

அப்புறம்தான் சொன்னார். போட் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு கியர்பாக்ஸ் கழற்றிக் கிடந்திருக்கிறது. சேர்க்க ஒரு வாரம் ஆகும் என்று சொல்லியிருந்தால் புயலுக்கு எல்லோரும் கரையில் இருந்திருப்பார்கள். அத்தான் அவசரப்பட்டதால் ராத்திரி முழுக்கக் கண் விழித்து முடித்துக் கொடுத்திருக்கிறார். அத்தான் தோளில் தட்டி, வந்து பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாராம். "இன்னும் ஒரு நாள் இழுத்திருக்கலாம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஆறுதல் சொல்ல எனக்குத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். "இதுவரைக்கும் எவ்வளவு போட்டிருக்கீங்க?" என்று கேட்டேன். அவர் கணக்குப் பார்த்தார், நானும் பார்த்தேன். அவர் ஐந்து தடவை, நான் ஐந்து தடவை. யாரும் எடுக்காத ஒரு போனுக்கு, ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர், ஒவ்வொரு தடவையும் எழுபது ரூபாய். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. அக்கா போனதிலிருந்து அந்தத் திண்ணையில் அப்படி யாரும் சிரித்ததில்லை. ஜெனி வெளியே வந்து இரண்டு பேரையும் முறைத்துப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

அன்றிலிருந்து முறை வைத்துக்கொண்டோம். ஒரு தடவை அவர், ஒரு தடவை நான். போட்டதும் "போட்டாச்சு" என்று ஒரு மெசேஜ். முதலில் அவ்வளவுதான். பிறகு அதற்குக் கீழே, ஜெனிக்குக் காய்ச்சல் விட்டதா என்று ஒரு வரி. கணக்கில் எவ்வளவு வாங்கினாள் என்று ஒரு வரி. எனக்குச் சளி பிடித்ததை யார் சொன்னார்களோ, அதற்கும் ஒரு வரி. ஆகஸ்ட் வாக்கில் பார்த்தால் ரீசார்ஜ் தேதி எப்போது வரும் என்று காத்துக்கொண்டிருக்கிறேன். 35 வயதில்! சிரிக்காதே.

இந்தக் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் அச்சு முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தேன். அச்சு சரியாகச் சூடேறாவிட்டால் மாவு ஒட்டாது, அதிகமானாலும் ஒட்டாது. நான் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து நின்று, "இனிமே லீவு கேட்டு இந்த ஊருக்கு வர எனக்கு இஷ்டமில்ல" என்றார். கோபம் போல என்று நினைத்துத் திரும்பினேன். தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்துப் பக்கம் ஒரு ஷெட் வாடகைக்குப் பேசியிருக்கிறாராம், இங்கேயே இருந்துவிடலாம் என்று, எனக்குச் சம்மதம் என்றால். எண்ணெயில் கிடந்த ஈடு கருகிப் போனது. அதையும் அவரே தின்றார்.

ஜெனியிடம் சொல்லத்தான் பயமாக இருந்தது. சொன்னேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் ராத்திரி போனை எடுத்துக்கொண்டு உள் அறைக்குப் போனாள். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன், தப்புதான். அந்த மலையாளக்காரி பேசி முடித்த பிறகும் இவள் வைக்கவில்லை. "அப்பா, எஞ்சின் மாமாவைச் சித்தி கட்டிக்கப் போறாங்களாம். நீ வந்தா உன் கட்டில் அப்படியேதான் இருக்கு. மாமா திண்ணையில படுத்துக்குவாரு." அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன், ஸ்டெல்லா.

மறுநாள் அவரிடம் நோட்டுத்தாளில் எழுதி நீட்டினாள். ஒன்று, கடலுக்குப் போகக் கூடாது. எஞ்சின் ட்ரயல் பார்க்கத் துறைமுகத்துக்கு வெளியே போக வேண்டியிருக்குமே என்றார். யோசித்து, "அப்போ ரெண்டு போன் கொண்டு போகணும்" என்று திருத்தினாள். இரண்டு, அவரைச் சித்தப்பா என்று கூப்பிட மாட்டாள், எஞ்சின் மாமாதான். அவர் கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். தாள் இப்போது பீரோவில் கோர்ட் பேப்பரோடு இருக்கிறது. ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். இந்தத் தடவை குடிலில் அந்தத் தகரப் போட்டை அவளே எடுத்துக் கண்ணாடி மேல் வைத்தாள். நூல் ஒன்று கட்டி, மறுமுனையை ஒரு குச்சியில் சுற்றித்தான் வைத்தாள்.

சாம்பல் புதன் பிப்ரவரி 26-ஆம் தேதி வருகிறது. அன்று தொடங்கும் தவக்காலத்துக்கு முன்பே முடிக்க வேண்டும் என்று கல்யாணத்தைப் பிப்ரவரி 10, திங்கள் காலையில் வைத்திருக்கிறோம். பெரிதாக ஒன்றும் இல்லை, பூசையும் மதியச் சாப்பாடும்தான். சனிக்கிழமையே வந்துவிடு. அன்றைக்குத்தான் ரீசார்ஜ் தேதியும் வருகிறது. நான்தான் போட வேண்டிய முறை. ஆனால் கிறிஸ்துமஸுக்குக் கிடைத்த காசில் தானே போடுவதாக ஜெனி அடம்பிடிக்கிறாள். கம்பெனிக்காரன் விலையை வேறு ஏற்றிவிட்டான், அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

உன் மாமியாருக்கு மூட்டு வலி தேவலையா? அவருக்கும் சேர்த்து முந்திரிக்கொத்து எடுத்து வைக்கிறேன். வரும்போது ஜெனிக்கு ஒரு வெள்ளை ஷூ பார்த்து வாங்கி வா. இங்கே கிடைப்பதெல்லாம் அவளுக்குப் பிடிக்கவில்லை. காலை ஒரு தாளில் வைத்துப் பென்சிலால் வரைந்து இதோடு வைத்திருக்கிறேன். கொஞ்சம் பெரிதாகவே வாங்கு, இப்போது வேகமாக வளர்கிறாள்.

அன்புடன்,
மேரி