எதிர்விசை என்ற சொல்லும் பறிபோன ஒரு மதிப்பெண்ணும்

பதினோராம் வகுப்பு இயற்பியல் விடைக்குறிப்பு தயாரிக்கும் குழுவினருக்கு,

வணக்கம். மேசை மேல் இருக்கும் புத்தகத்தின் எடைக்கு எதிர்விசை எது என்ற ஒரு மதிப்பெண் வினா உங்களுக்கு நினைவிருக்கும். 'மேசை தரும் செங்குத்து விசை' என்கிறது உங்கள் விடைக்குறிப்பு. 'புத்தகம் பூமியை மேல்நோக்கி இழுக்கும் விசை' என்று எழுதிய பிள்ளைகளுக்குச் சுழியம். சரியாக எழுதியவர்கள் அவர்கள்தான்.

ஒரு பொருள் இன்னொன்றின் மேல் விசை செலுத்தினால், அதுவும் அதே அளவு விசையை எதிர்த்திசையில் திருப்பிச் செலுத்தும் என்பது நியூட்டனின் மூன்றாம் விதி; திருப்பி வருவதுதான் எதிர்விசை. அந்த இரு விசைகளும் ஒரே வகையைச் சேர்ந்தவை. வெவ்வேறு பொருள்கள் மேல் செயல்படுபவை. எடையோ பூமியின் ஈர்ப்பு, தொடா விசை. மேசை தருவது தொடு விசை. போதாததற்கு இரண்டுமே புத்தகத்தின் மேல்தான் செயல்படுகின்றன. புத்தகம் அசையாமல் கிடப்பதால் அவை சமமாக இருக்கின்றன, அவ்வளவுதான்.

சந்தேகமிருந்தால் சமையலறை டிஜிட்டல் தராசு ஒன்று போதும். 500 கிராம் புத்தகத்தை அதன் மேல் வையுங்கள். விரலால் அழுத்தினால் 700 காட்டும். விரலை எடுத்துவிட்டு, புத்தகத்தை நூலால் கட்டிச் சுருள்வில் தராசில் மாட்டி மெல்ல மேலே இழுங்கள். மேலே 200 காட்டும்போது கீழே 300தான் இருக்கும். (கொக்கியில் எதுவும் தொங்காதபோது முள் சுழியில் நிற்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள், நூல் சாய்ந்தாலும் கணக்கு பிசகும்.) பூமி இழுக்கும் 4.9 நியூட்டன் அப்படியே இருக்கிறது, தொடு விசை மட்டும் ஏறி இறங்குகிறது. மூன்றாம் விதி ஜோடி இப்படிப் பிரிந்து போகுமா?

ஆகவே, விடைக்குறிப்பைத் திருத்தி அந்த மதிப்பெண்ணைக் கொடுங்கள்.

குழப்பத்தில் பாதி சொல்லால் வந்தது. வகுப்பில் 'செங்குத்து எதிர்விசை' என்று சொல்லிப் பழக்கிவிட்டு, மூன்றாம் விதியிலும் 'விசை, எதிர்விசை' என்றால் பிள்ளைகள் இரண்டையும் முடிச்சுப் போடத்தானே செய்வார்கள்? 'செங்குத்து விசை' என்றே எழுதலாம். அதிலும், செங்குத்து என்பது தொடும் பரப்புக்கு, தரைக்கு அல்ல. 30 பாகை சாய்தளத்தில் அதே புத்தகத்துக்கு அது 4.2 நியூட்டன்தான்.

உராய்விலும் இதே கூத்து. 2 கிலோகிராம் கட்டை, நிலை உராய்வுக் குணகம் 0.5, கிடைத்தளத்தில் 3 நியூட்டன் தள்ளல்; உராய்வு எவ்வளவு என்பது வினா. கட்டை அசையாது, உராய்வும் 3 நியூட்டன். 9.8 நியூட்டன் (செங்குத்து விசை 19.6 நியூட்டனை 0.5 ஆல் பெருக்கினால் வருவது) என்பது அது எட்டக்கூடிய உச்சம் மட்டுமே. உங்கள் குறிப்பில் விடையே 9.8! அப்படியானால் கட்டை தள்ளியவரை நோக்கியே ஓடிவர வேண்டும். அந்தக் கட்டை உங்கள் ஆய்வகத்தில் இருந்தால் சொல்லுங்கள், மாலையோடு வருகிறோம்.

கோபத்தில் எழுதியதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது சிறியது: மறுமதிப்பீட்டுக் கட்டணம் கட்டச் சொல்லாமல், நீங்களே திருத்தி மதிப்பெண்ணைக் கொடுங்கள். அடுத்த தாளில் விசைப்படத்துக்கும் மதிப்பெண் ஒதுக்கி, ஒவ்வொரு அம்புக்குறியின் பக்கத்திலும் 'எது தருகிறது, எதன் மேல்' என்று எழுதச் சொன்னால் நன்றியுடையவர்களாவோம்.

இப்படிக்கு,
இயற்பியல் கற்பிப்போர் சிலர்