லாரியின் பின்தடுப்பை அறுக்க விடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் வெல்டராக இருக்கிறேன். புது வண்டிக்குப் பின்தடுப்பு, அதாவது பின்னால் வரும் கார் லாரிக்கு அடியில் புகாமல் தடுக்கும் கம்பி, பொருத்தித்தான் அனுப்புகிறோம். அப்புறம் குவாரியில் இடிக்கிறது என்று அதை அறுக்கச் சொல்லி வருகிறார்கள். எஃப்.சி. என்ற வண்டித் தகுதிச் சான்றுச் சோதனைக்கு முந்தின நாள் மறுபடி மாட்டுகிறார்கள். போன மாதம் ஒருவர் கேட்டார், முடியாது என்று சொல்லிவிட்டேன்.

லாரியின் தட்டு, காரின் முன்கண்ணாடி உயரத்தில் நிற்கிறது. தடுப்பு இல்லையென்றால் காரின் போனட் லாரிக்கு அடியில் புகுந்துவிடும், தலைதான் இடிபடும். என் மைத்துனரை அப்படித்தான் சேலம் சாலையில் இழந்தோம். நின்றிருந்த லாரி, விளக்கும் இல்லை.

1967இல் நடிகை ஜேன் மான்ஸ்ஃபீல்ட் இப்படி இறந்ததால் அமெரிக்காவில் அந்தக் கம்பிக்கே அவர் பெயர் வழங்குகிறது. இங்கே எஃப்.சி. அன்று மட்டும் பார்த்தால் போதாது. சுங்கச்சாவடியிலேயே பின்தடுப்பையும் பக்கத் தடுப்பையும் சோதித்து, இல்லாத வண்டியை நிறுத்துங்கள்.

லாரி பட்டறை வெல்டர், நாமக்கல்