நான் எழுதியதன் பிரதியை எனக்கும் தாருங்கள்: இணைய இணைப்பு வழங்கும் நிறுவனமொன்றின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர் சேவைப் பிரிவினருக்கு,

வணக்கம். சென்ற வியாழக்கிழமை உங்கள் சட்டத்தரணியின் கோரிக்கைக் கடிதம் கொக்குவிலில் உள்ள எங்கள் வீட்டுக்குப் பதிவுத்தபாலில் வந்து சேர்ந்தது. காலஞ்சென்ற என் அண்ணரின் பெயரில் இருந்த இணைய இணைப்புக்கு ஏழு மாத நிலுவை உண்டென்றும், 14 நாட்களுக்குள் செலுத்தாவிட்டால் வழக்குத் தொடரப்படும் என்றும் அதில் எழுதியிருந்தது. இறந்தவரின் பெயருக்கு வந்த கடிதத்துக்கு, தபாற்காரத் தம்பி என்னை அறிந்தவர் என்பதால், நான் கையொப்பமிட்டேன். இணைப்பைத் துண்டிக்கும்படி நான் எத்தனை தடவை கேட்டேன் என்பது உங்களுக்குத் தெரிந்த கதை, அல்லது தெரிந்திருக்க வேண்டிய கதை. ஆகவே அதை முதலிலிருந்து சொல்லப் போவதில்லை.

என் முறைப்பாடு நிலுவையைப் பற்றியதன்று, உங்கள் இணையத்தளத்தில் ‘எங்களைத் தொடர்பு கொள்ளுங்கள்’ என்ற தலைப்பின் கீழ் இருக்கும் அந்தப் படிவத்தைப் பற்றியது. தொலைபேசியில் அழைத்தால் படிவத்தை நிரப்பச் சொல்கிறீர்கள். நிரப்பி, அனுப்பும் பொத்தானை அழுத்தியதும் நான் எழுதியதெல்லாம் திரையிலிருந்து மறைந்து, ‘உங்கள் செய்தி கிடைத்தது, நன்றி’ என்ற ஒற்றை வரி மட்டும் நிற்கிறது. அதில் இலக்கம் இல்லை, திகதி இல்லை. மின்னஞ்சலில் எழுதியிருந்தால் அனுப்பியவற்றின் வரிசையில் ஒரு பிரதியாவது என்னிடம் தங்கியிருக்கும். உங்கள் படிவமோ என் மின்னஞ்சல் முகவரியைச் சிவப்பு நட்சத்திரமிட்டுக் கட்டாயமாகக் கேட்டு வாங்கிக்கொண்டு, அந்த முகவரிக்கு ஒரு வரிகூட அனுப்புவதில்லை.

நான்காவது தடவையும் பதில் வராமற்போகவே யாழ்ப்பாண நகரத்தில் உள்ள உங்கள் கிளைக்குச் சென்றேன். கருமபீடத்தில் இருந்த பிள்ளை மரியாதையாகத்தான் கேட்டார்: “ஐயா, எப்ப எழுதினீங்கள்? எழுதினதுக்கு ஏதும் ஆதாரம் இருக்கோ?” முன்யோசனையாகக் கைத்தொலைபேசியில் திரையைப் படம் பிடித்து வைத்திருந்தேன், அதைக் காட்டினேன். அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “இதில நன்றி எண்டு மட்டும்தானே இருக்கு, உங்கட பேருமில்லை, கணக்கு இலக்கமுமில்லை” என்றார். அவர் சொன்னது உண்மை. அண்ணரின் மரணச் சான்றிதழைப் பொலித்தீன் உறையில் வைத்துப் பிடித்தபடி, பின்னால் வரிசையில் நின்றவர்கள் பொறுமையிழப்பதைக் கேட்டுக்கொண்டு, நான் பொய் சொல்லவில்லை என்று என் பேத்தியின் வயதுப் பிள்ளையொருவருக்கு விளக்க வேண்டியிருந்தது. கடைசியில் அவர் தந்த ஆலோசனை: “திரும்ப ஒருக்கா அந்தப் படிவத்தை நிரப்பி விடுங்கோ.”

அன்றிலிருந்து நான் ஒரு சீ.ஆர். கொப்பி, அதாவது தடித்த அட்டை போட்ட குறிப்பேடு, வைத்திருக்கிறேன். படிவத்தில் எழுத வேண்டியதை முதலில் அதில் கையால் எழுதி, திகதியும் நேரமும் இட்டு, அதன் பின்னரே தட்டச்சுச் செய்கிறேன். ஆனால் நானே எழுதி நானே வைத்திருக்கும் கொப்பியை உங்கள் சட்டத்தரணி ஆதாரமாக ஏற்கப் போவதில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

தபாற் திணைக்களத்தில் உப தபாலதிபராக இருந்து ஓய்வுபெற்றவன் என்பதால் இது எனக்குச் சற்று அதிகமாகவே உறைக்கிறது போலும். பதிவுத்தபால் கொண்டுவருபவர் கையில் இலக்கமும் திகதி முத்திரையும் உள்ள ஒரு துண்டைக் கொடுக்காமல் நாங்கள் கடிதத்தைப் பொறுப்பேற்றதில்லை. 2006 ஆகஸ்டில், போரினால், யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி மூடப்பட்டுக் கடிதங்கள் வாரக்கணக்கில் பிந்திய நாட்களிலும், அந்தத் துண்டோடு வந்து கேட்டவரிடம் ‘நீங்கள் கடிதம் போட்டதற்கு என்ன ஆதாரம்’ என்று நான் கேட்டதில்லை; கேட்டிருக்கவும் முடியாது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் அரச அலுவலகத்தில் ஒருவர் தகவல் கோரி விண்ணப்பித்தால், அது கிடைத்ததை உடனடியாக எழுத்தில் அவருக்கு உறுதிப்படுத்த வேண்டும் என்கிறது. அரச அலுவலகத்தின் தாமதத்தைப் பகிடி பண்ணியே வளர்ந்தவை உங்களைப் போன்ற தனியார் நிறுவனங்கள். அந்த அலுவலகம் தர வேண்டிய ஒரு துண்டு உங்களிடம் இல்லை.

படிவத்தின் இன்னொரு சிறப்பையும் சொல்ல வேண்டும். செய்தி 500 எழுத்துகளைத் தாண்டக்கூடாது என்று அதில் ஒரு விதி இருக்கிறது. ‘யாழ்ப்பாணம்’ என்பது ஆறு எழுத்துகள் என்று பாலர் வகுப்புப் பிள்ளையும் விரல்விட்டு எண்ணிச் சொல்லும். கணினி எழுத்துகளைக் குறிக்கும் ஒருங்குறி (யூனிகோட்) முறையில் புள்ளியும் அரவும் (‘ா’) தனித்தனியே எண்ணப்படுவதால் உங்கள் படிவத்துக்கு அது பதினொன்று. மரணச் செய்தியையும், கணக்கு இலக்கத்தையும், ரவுட்டரைத் திருப்பி ஒப்படைக்கும் விருப்பத்தையும் தமிழில் முழுமையாக எழுதிய ஒவ்வொரு தடவையும் கடைசி வாக்கியம் அரைவாசியில் நின்றது. தமிழிலும் எழுதலாம் என்று மேலே குறிப்பிட்டிருப்பதற்கு நன்றி.

உங்களிடம் பதிவே இல்லை என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. கிளையிலிருந்து வீடு திரும்பு முன்னரே ‘எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்’ என்று குறுஞ்செய்தி வந்துவிட்டது. தொலைபேசியில் நான் பேசியது ‘தர மேம்பாட்டுக்காக’ ஒலிப்பதிவாகிறது. கட்டணப் பட்டியல் ஒரு மாதமும் தவறியதில்லை. எனக்கு நோட்டீசு அனுப்ப வேண்டியபோது இலக்கமும் திகதியும் கையொப்பமும் உள்ள பதிவுத்தபாலைத் தெரிந்தெடுத்தீர்கள். ஆதாரத்தின் அருமை உங்களுக்குத் தெரியும். அது இரு தரப்பிலும் இருப்பதுதான் உங்களுக்கு வசதிப்படவில்லை என்று நான் நினைத்தால் அது பிழையா?

கோபத்தில் சற்று நீட்டிவிட்டேன், பொறுத்தருள்க. நான் கேட்பது புதிய மென்பொருளையோ கூடுதல் ஆட்களையோ அன்று. படிவத்தை அனுப்பிய கணமே, நான் எழுதிய முழு வாசகமும் திகதியும் நேரமும் ஓர் இலக்கமும் நான் தந்த மின்னஞ்சலுக்கு வந்துவிட வேண்டும். மின்னஞ்சல் இல்லாதவருக்கு, நட்சத்திரம் கேட்கும் அதே குறுஞ்செய்தியில் அந்த இலக்கத்தை அனுப்பலாம். கிளையில் இருக்கும் பிள்ளை அந்த இலக்கத்தைத் தட்டினால் நான் எழுதியது அவர் திரையில் தெரிய வேண்டும். மீண்டும் கேட்கிறேன்: நான் எழுதியதன் பிரதியை எனக்கும் தாருங்கள்.

அண்ணரின் கணக்கைப் பொறுத்தவரை, மரணச் சான்றிதழின் பிரதியையும் இம்மடலின் பிரதியையும் இன்று காலை உங்கள் தலைமை அலுவலகத்துக்குப் பதிவுத்தபாலில் அனுப்பியிருக்கிறேன். அதற்குரிய துண்டு சீ.ஆர். கொப்பியில் ஒட்டப்பட்டிருக்கிறது. ரவுட்டர் வீட்டு மேசையில் இருக்கிறது; எவரையேனும் அனுப்பி அதை எடுத்துக்கொண்டு, பெற்றதற்கு ஒரு பற்றுச்சீட்டும் தந்துதவுமாறு தயவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர் ஒருவரின் தம்பி,
கொக்குவில், யாழ்ப்பாணம்.